வழியனுப்புச் சுவர்

எண்ணிக்கையில் ஒன்று கூடுதலாக இருந்தது.

குறைந்திருந்தால் அவள் அலட்டிக்கொண்டிருக்க மாட்டாள். குறைவது அன்றாடம் நடப்பதுதான். ஒருத்தன் பாத்ரூமில் இருப்பான், ஒருத்தி மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலைத் தேடி மாடிக்கு ஓடியிருப்பாள், இரண்டு வாண்டுகள் மேடைத் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும். தேடினால் கிடைத்துவிடும். கூடினால் எதைத் தேடுவது? கையிலிருந்த பட்டியலில் நாற்பது பேர். ஜிம்மின் மரத்தரையில் மஞ்சள் கோடுகளின் மேல் நான்கு வரிசையாக நின்ற தலைகள் நாற்பத்தொன்று.

"அட, என்ன இது கூத்து," என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் மறுபடியும் முதல் வரிசைக்குப் போனாள்.

மாலை ஐந்தரை மணி. காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. உயரத்திலிருந்த ஜன்னல்களில் வெளிச்சம் செத்துப்போய், குழல்விளக்குகளின் ரீங்காரமும், கூரைத் தகட்டில் மழை விழும் சத்தமும், நாற்பது ஜோடி காலணிகள் பொறுமையில்லாமல் தரையைத் தேய்க்கும் கீச்சொலியும் ஒன்றாகச் சேர்ந்து, ஈர சாக்ஸும் ரப்பர் பந்தும் கலந்த அந்த வாடையோடு சேர்ந்து, ஜிம்மையே நிறைத்துக்கொண்டிருந்தன. செஸ், நாடகம், தோட்டம், பாட்டு என்று எந்த கிளப்பில் இருந்தாலும் பஸ் ஏறுவதற்கு முன் எல்லாப் பிள்ளைகளும் இங்கே வந்து நிற்க வேண்டும். அவள் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ண வேண்டும். கண்ணால் எண்ணினால் தப்பு வரும், கையால் எண்ணினால் வராது என்பது அந்தப் பள்ளியின் ஏற்பாடு. எண்ணி முடித்து, தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள்.

பள்ளிக் கிளப்புகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. அவளுடைய பதவிக்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பெயர் உண்டு. அதை யாரும் சொன்னதில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அவள் 'கிளப் மிஸ்'.

மூன்றாவது வரிசையில் ஐந்தாவது தலை அவளுடைய மகளுடையது. நாலாம் வகுப்பு. வீட்டில் கூப்பிடும் பெயர் வாலு, அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காதவள். ஊழியர்களின் பிள்ளைகள் பள்ளிக்குள் 'அம்மா' என்று கூப்பிடக் கூடாது, மற்றவர்களைப் போல 'மிஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் தாய்க்கும் மகளுக்கும் ஒரு திருட்டு ஏற்பாடு. தலையில் கை வைக்கும்போது வாலு யாருக்கும் தெரியாமல் அம்மாவின் மணிக்கட்டில் ஒற்றை விரலால் மூன்று முறை தட்டுவாள். தட், தட், தட். நான் இங்கதான் இருக்கேன். இன்றும் தட்டினாள்.

நான்காவது வரிசையின் கடைசித் தலை ஈரமாக இருந்தது.

முப்பத்தொன்பது, நாற்பது என்று பழக்கத்தில் வாய் எண்ணிக்கொண்டே போக, நாற்பத்தொன்று என்று அவள் கை வைத்த இடம் சொட்டச் சொட்ட நனைந்து சில்லென்றிருந்தது. அதே நொடியில் பின்னாலிருந்து விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதினார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'விசில்'தான். அவள் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வரிசையின் கடைசியில் யாருமில்லை. மூன்றாவது முறை எண்ணியபோது சரியாக நாற்பது.

"என்ன மிஸ், கணக்கு இடிக்குதா?" என்றார் விசில்.

"ஒண்ணுமில்ல சார். கண்ணாடி மாத்தணும் போல."

"கையால எண்றதுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அவளும் சிரித்துவைத்தாள். தாளில் 'நாற்பது, சரி' என்று எழுதினாள். பேனாவைப் பிடித்த விரல்களில் ஈரம் இருந்தது. எழுத்து கலங்கியது. பிள்ளைகள் மூன்று மணியிலிருந்தே உள்ளேதான் இருக்கிறார்கள், ஒருவர் தலையும் நனைந்திருக்க நியாயமில்லை என்பது கேட் திறந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். எந்தெந்த நாட்டிலிருந்தெல்லாமோ வேலைக்கு வந்த குடும்பங்கள். அப்பாவுக்கு மாற்றல் என்றால் திங்கட்கிழமை பெஞ்சு காலி. பிள்ளைகளுக்கே அது மரத்துப்போயிருந்தது. உயிருக்கு உயிராகப் பழகியவள் போய்விட்டாள் என்றால் ஒரு நாள் அழுவார்கள், மறுநாள் வேறொருத்தியோடு டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். அந்த வலிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு நல்ல மனசுக்காரர் தொடங்கிவைத்ததுதான் வழியனுப்புச் சுவர்.

ஜிம்முக்கும் பழைய கட்டடத்துக்கும் நடுவிலுள்ள நீண்ட நடைவழியின் இடப்பக்கம் முழுக்க வெள்ளைச் சுவர். போகிற பிள்ளை கடைசி வெள்ளிக்கிழமை நீல பெயின்ட்டில் வலது கையை முக்கி அங்கே பதிக்க வேண்டும். கீழே பெயரும் தேதியும் எழுதுவது கிளப் மிஸ்ஸின் வேலை. வகுப்பே சுற்றி நின்று பாடும், கேக் வெட்டுவார்கள், படம் எடுப்பார்கள். கை பதிந்ததும் அந்தப் பெயர் எல்லாப் பட்டியலிலிருந்தும் நீங்கிவிடும். முந்நூறுக்கு மேல் கைகள். ஆட்கள் நடந்தால் மட்டும் எரிகிற விளக்குகள் அங்கே. எட்டு வைக்க வைக்கத் தலைக்கு மேல் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும், பின்னால் ஒவ்வொன்றாக அணையும். விளக்கெரியும்போது சின்னச் சின்ன நீலக் கைகள் எல்லாம் அவளைப் பார்த்து டாட்டா காட்டுவதாகத்தான் இத்தனை வருடமும் அவளுக்குத் தோன்றியிருந்தது. அழகான சுவர் என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்வாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றும் மழை. அன்று பட்டியலில் நாற்பத்தொரு பேர், எண்ணியது நாற்பது. நாலாம் வகுப்பில் ஒரு பெண், வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதிர்ந்து பேசாத பிள்ளை. கூப்பிட்டால்தான் நிமிர்ந்து பார்க்கும். வெயிலடித்தாலும் கழற்றாத பச்சை ரெயின்கோட் ஒன்று மட்டும்தான் அந்தப் பெண்ணைப் பற்றி எல்லோருக்கும் நினைவிருந்தது. பஸ் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் ஆபீஸுக்கு போன் போட்டாள்.

ஆபீஸ் அக்கா, எல்லாக் கோப்புகளையும் கட்டி ஆள்பவர், அந்தப் பக்கம் எதையோ மென்றுகொண்டே பேசினார். "அந்தப் பொண்ணா? அவங்கப்பாவுக்கு மாத்தல் ஆயிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்களே. போயிருப்பாங்க."

"நிச்சயமாவாக்கா? மத்தியானம் பார்த்த மாதிரி இருந்துச்சே."

"நேத்துப் பார்த்திருப்பீங்க. இங்க யார் சொல்லிட்டுப் போறாங்க? அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, டிரைவர் கத்துறான்."

அந்தப் பள்ளியில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் மாற்றல் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அவள் ஒரு பெயரின் மேல் கோடு கிழித்தாள். 'நாற்பது, சரி' என்று எழுதினாள். கேட் திறந்தது. மறுநாள் அந்த வீட்டு எண்ணுக்கு இரண்டு முறை அடித்துப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாற்றல்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் ஆண்டு மலருக்காகச் சுவரைப் படம் எடுக்க வருவதாக இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரைப் பட்டியலில் அடித்த அன்றே சுவரில் எழுதிவைத்திருந்தாள், மேலே கை இல்லை. முந்நூறு கைகளுக்கு நடுவில் ஒரே ஒரு காலியிடம், விழுந்த பல் மாதிரி. படத்தில் அது பளிச்சென்று தெரியும். யாராவது கேட்பார்கள். கேட்டால் எப்போது போனாள், யாரோடு போனாள் என்று பேச்சு வளரும்.

படம் எடுப்பதற்கு முந்தின மாலை, ஆள் அரவம் அடங்கியதும் வாலுவைக் கூட்டிக்கொண்டு போனாள். வலது கையை நீல பெயின்ட்டில் முக்கினாள்.

"மிஸ், இது என் கையாச்சே. அவ பேரு போட்டிருக்கு."

"யாருக்குத் தெரியப்போகுது? நாலாம் கிளாஸ் கை எல்லாம் ஒரே அளவுதான். வை."

வாலு வைத்தாள். உடனே எடுக்கவில்லை. முகம் ஒரு மாதிரியாகியது.

"மிஸ், சுவரு சூடா இருக்கு."

"கதை விடாத. எடு கையை."

"எடுக்க வரல," என்றாள் வாலு. அப்புறம், விதியை மறந்து, "அம்மா, உள்ளேருந்து இழுக்குதும்மா."

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கை வந்துவிட்டது. பெயின்ட் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டாள். விரல்களில் போனது. உள்ளங்கையில் போகவில்லை. சோப்பு, எண்ணெய், டர்பன்டைன் எதற்கும் மசியாமல் அந்த நீலம் அப்படியே நின்றது.

தலை ஒன்று கூடிய அந்த மழை நாளுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் தொடங்கியது.

முதலில் நாடகப் பட்டியல். வாலு அதில் அணிலாக நடிப்பதாக இருந்தது. ஒட்டிய தாளில் வாலுவின் பெயர் இல்லை. ஆசிரியையைக் கேட்டால், "அச்சச்சோ, விட்டுப்போச்சு மிஸ்," என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாள் பஸ் வாலுவை ஏற்றாமல் போய்விட்டது. அதற்கடுத்த நாள் வாலுவின் காலணிப் பெட்டி காலியாக இருந்தது, பெயர்ச் சீட்டைக் கிழித்த தடத்தில் பசை மட்டும் மிச்சம். ஒவ்வொன்றும் ஆபீஸ் குளறுபடி என்று சொல்லிவிடக் கூடியதுதான். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் வகுப்புப் பிள்ளைகள் வாலு பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு பக்கம் திரும்பிக்கொள்வதை அவள் ஒரு நாள் பார்த்தாள். அது வம்புக்குச் செய்வது இல்லை. அவர்கள் காதில் விழவே இல்லை.

தினமும் மாலை நாற்பது. ஒரு நாள் நாற்பத்தொன்று. மறுபடி நாற்பது. வாலுவின் தலையைத் தொடும்போது மூன்று தட்டு விழுந்தால்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அந்தத் தட்டும் நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டே வந்தது.

கப்பலில் வேலை பார்க்கும் கணவன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். சாப்பாடு, சம்பளம், கடல் என்று வழக்கமான பேச்சு. பிறகு சொன்னான், "அவ்வளவு பெரிய வீட்ல நீ ஒத்தையா இருக்க. பயமா இல்லையா?"

"ஒத்தையாவா? வாலு எங்க போனா?"

கம்பியில் கரகரவென்று சத்தம். "யாரு?" என்றான் அவன். பிறகு, "ஆமால்ல. வாலு. கேட்டேன்னு சொல்லு." சிரித்தான். அந்த இடைவெளி எவ்வளவு நேரம் நீடித்தது என்று அவள் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பினாள். வாலு நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரே ஒரு தட்டு. அவள் வைத்ததுதான்.

"எனக்கு?" என்றாள் வாலு, குரலே எழும்பாமல்.

பெற்றவளால் இதை எப்படித் தாங்க முடியும்? அவள் மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். பிள்ளையின் கனம் பாதியாகியிருந்தது. "உன்னை விடமாட்டேன்டி. யாரு மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வாலுவின் தலைமுடியில் பெயின்ட் வாடை அடித்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக ஆபீஸுக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். ஆபீஸ் அக்கா பாவம், பதறிப்போய்க் கோப்பை எடுத்தார்.

"கோபப்படாதீங்க மிஸ். சுவர்ல கை வச்சா பேரை எடுத்துடுவோம், உங்களுக்குத் தெரியாததா? உங்க பொண்ணு கை வச்சிருக்கே."

"அது அந்தப் பச்சை ரெயின்கோட் பொண்ணு பேருக்கு வச்சது, அக்கா!"

"எந்தப் பச்சை ரெயின்கோட்?" என்று கேட்டுக்கொண்டே அக்கா ஆண்டு மலருக்கு எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டினார். வாலுவின் கை. கீழே வாலுவின் முழுப்பெயர். தேதி. எழுத்து அவளுடையது. அந்த வளைவும், கடைசியில் வைக்கும் புள்ளியும். அவள் அதை எழுதவே இல்லை.

நடைவழிக்கு ஓடினாள். விளக்குகள் தலைக்கு மேல் ஒவ்வொன்றாக எரிந்தன. சுவரிலும் அதே பெயர். ஈரத்துணியால் தேய்த்தாள், நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது, பெயர் போகவில்லை. சுரண்டிய இடத்தில் சுவர் காய்ச்சல் கண்ட நெற்றியாகச் சுட்டது. பக்கத்திலிருந்த மற்ற கைகளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சில்லென்றிருந்தன. இது ஒன்று மட்டும்தான் சூடு.

வேலையாவது மண்ணாவது, உடனே பள்ளியை விட்டு நின்றுவிட வேண்டும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள். அன்றே போயிருக்கலாம். ஆனால் அன்று மாலை குடும்ப விழா. நாற்பது பிள்ளைகளும் கையில் கொடியோடு ஜிம்மைச் சுற்றி ஊர்வலம் வர, இருநூறு பெற்றோர் நாற்காலிகளில் இருப்பார்கள். ஆறு மாத வேலை, அவள் பொறுப்பு. விழா முடிந்ததும் கிளம்பிவிடலாம். விழா இரண்டே மணி நேரம்தான். அதுவரை மகளைக் கண்ணிலிருந்து விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாலுவுக்கு அணில் உடுப்பை மாட்டி, மூன்றாவது வரிசையில் ஐந்தாவதாக நிறுத்தினாள்.

"நகரக் கூடாது. நான் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் நீ இங்கதான் இருக்கணும். தெரிஞ்சுதா?"

வாலு தலையாட்டினாள். மணிக்கட்டில் மூன்று முறை தட்டினாள். ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரிதான் இருந்தது.

மழை வலுத்தது. கூரைத் தகடு அதிர்ந்தது. நாற்காலிகளில் பெற்றோர் வந்து நிறைந்தார்கள், குடைகளிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது, சென்ட்டும் காபியும் ஈரக் கம்பளியும் ஒன்றாக வீசின. யாரோ மைக்கைச் சரிசெய்து தரச் சொன்னார்கள். போனாள். யாரோ கொடி ஒன்று குறைகிறது என்றார்கள். திரும்பிப் பார்த்தாள், வாலு இருந்தாள். கொடியை எடுத்துக் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தாள். இருந்தாள். விசில் ஊதினார். ஊர்வலத்துக்கு முன் கடைசியாக ஒரு முறை எண்ண வேண்டும். விதி.

தொட்டு எண்ணினாள். பத்து. இருபது. மூன்றாவது வரிசை. இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு, இருபத்தைந்து. முப்பது. நாற்பது.

நாற்பது. சரியாக நாற்பது. பின் வரிசையில் கூடுதலாக யாருமில்லை, ஈரத் தலை இல்லை. "அப்பாடா," என்று வாய்விட்டே சொன்னாள். பல நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. தாளில் 'நாற்பது, சரி' என்று எழுதினாள்.

எழுத்து கலங்கியது.

விரல்கள் நனைந்திருந்தன. அவள் விரல்களைப் பார்த்தாள். எந்தத் தலை? இருபத்தைந்து. இருபத்தைந்தாவது தலையைத் தொட்டபோது தட்டு விழவில்லை. அவள் எண்ணிக்கொண்டே போய்விட்டாள். நின்று பார்க்கவில்லை. எண்ணிக்கை சரியாக வரப்போகிறதே என்ற அவசரத்தில்.

நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்றாவது வரிசை. ஐந்தாவது இடம். பச்சை ரெயின்கோட். காலடியில் அணில் வால், தண்ணீரில் நனைந்து கிடந்தது.

"வாலு!" அவளுடைய கத்தலை இசை விழுங்கியது. ஊர்வலம் நகரத் தொடங்கிவிட்டது. அவள் விசிலின் கையைப் பிடித்து உலுக்கினாள். "என் பொண்ணு எங்க சார்? என் பொண்ணைப் பார்த்தீங்களா?"

விசில் சிரித்தபடி கையை நீட்டினார். "அதோ போறாளே மிஸ். பச்சைக் கோட்டு. எப்பவும் அதைத்தானே போட்டுக்கிட்டுத் திரிவா உங்க பொண்ணு."

இருநூறு பேர் கைதட்டினார்கள். பச்சை ரெயின்கோட் கொடியை ஆட்டிக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தது.

அவள் ஓடினாள். நடைவழி. முதல் விளக்கு. இரண்டாவது. மூன்றாவது. எங்கும் பெயின்ட் நெடி. நீலக் கைகள். கைகள். கைகள்.

வாலுவின் கை ஈரமாக இருந்தது. அப்போதுதான் வைத்த மாதிரி. நீலம் கீழே வழிந்துகொண்டிருந்தது.

தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். சூடு. மகளின் சூடு. காய்ச்சல் வந்த எத்தனை இரவுகளில் தொட்டுப் பார்த்த அதே சூடு.

"வாலு? அம்மாடி? அம்மா வந்துட்டேன். எங்கடி இருக்க?"

ஒன்றுமில்லை. மழைச் சத்தம் மட்டும்.

பிறகு உள்ளங்கையின் நடுவில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சின்ன விரல் ஒன்று.

தட். தட். தட்.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. பின்னால் மூடிக்கொண்டிருந்த இருட்டில் ஒரு விளக்கு எரிந்தது. அடுத்தது எரிந்தது. தண்ணீர் சொட்டும் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

"அம்மா," என்றது அந்தப் பெண், வாலுவின் குரலில். "வீட்டுக்குப் போலாமா?"

பயந்தாலொழிய வாலு பள்ளிக்குள் இப்படிக் கூப்பிட மாட்டாள்.

அவளுக்கு இரக்கமெல்லாம் போய்விட்டிருந்தது. நாற்பது பிள்ளைகளின் தலையை அன்போடு தொட்ட கைதான். ஒரு கை சுவரிலேயே இருக்க, மற்றது அந்தப் பெண்ணின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தது. சுவரோரம் இருந்த பெயின்ட் டப்பாவின் மூடியைக் காலால் உதைத்துத் திறந்தாள். "இது உன் இடம்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் இடம்டி இது. உன் பேருதான் எழுதியிருந்தேன். வை கையை. என் பொண்ணை விடு."

அந்தப் பெண் திமிறவில்லை. தானே கையை நீட்டிக் கொடுத்தது. அவள் அதை நீலத்தில் முக்கிச் சுவரில் அறைந்தாள். எடுத்தாள். மறுபடி அறைந்தாள். மூன்றாவது முறை.

சுவர் வெள்ளையாகவே இருந்தது. கையிலிருந்து நீலம் சொட்டியது. சுவரில் ஒரு துளி ஒட்டவில்லை.

"பதியாது மிஸ்," என்றது அந்தப் பெண். இப்போது அதன் சொந்தக் குரல். இரண்டு மாதத்தில் நாலைந்து முறைதான் அவள் கேட்டிருந்த குரல். "நான் நிறைய வாட்டி வச்சுப் பார்த்துட்டேன். அன்னைக்கு நான் வரிசைக்குத்தான் வந்துட்டிருந்தேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு. நீங்க சரின்னு போட்டுட்டீங்க. அப்புறம் யாருக்குமே என்னை ஞாபகம் இல்ல, யாருமே வரல."

அவளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றிருந்தது.

ஜிம்மில் பாட்டு முடிந்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம். குடும்பங்கள் கிளம்பும் சத்தம். கார்க் கதவுகள். தூரத்தில் விசில் யாருக்கோ சொன்னார், "எல்லாம் சரியா இருக்கு, மிஸ் கையெழுத்துப் போட்டாச்சு." கேட் திறந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், தட். தட். தட்.

அசையாமல் நின்றதால் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது. அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மறந்துவிடுவாள், அது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இப்போதே மகளின் மூக்கு எப்படியிருக்கும் என்று யோசிக்க வேண்டியிருந்தது. அவள் நெற்றியைச் சுவரில் அழுத்தி, "இருக்கேன்டி, இருக்கேன்டி," என்றாள்.

இருட்டில், அவள் இடுப்பளவு உயரத்தில், நனைந்த சின்னக் கை ஒன்று அவளுடைய இன்னொரு கைக்குள் நுழைந்து விரல்களைக் கோத்துக்கொண்டது.

"பரவால்லம்மா," என்றது. "நீங்க எடுக்கிற வரைக்கும் நான் நிக்கிறேன்."

தட். தட்.

அவள் மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள்.